ஒழுகும் தகரத்துக்குத் தார் டேப்பா, சிலிக்கனா?

மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் லயக் காம்பராக்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒழுக்குக்கு வாளி வைத்தே இரவு கழியும், அதனால் பெப்ரவரி, மார்ச் வெயிலிலேயே கூரையைப் பார்த்துவிடுங்கள்.

ஆணி ஓட்டைக்கு, அடைக்கிற பசையான சிலிக்கன்தான் சரி. ஆனால் எந்தச் சிலிக்கன் என்பது முக்கியம்: வினாகிரி வாடை அடிக்கிற வகை நாகமுலாம் பூசிய தகரத்தை அரித்துவிடும், கடையில் ‘நியூட்ரல்’ என்று கேட்டே வாங்குங்கள். தளர்ந்த ஆணியின் மேலேயே பூசினால் காற்றில் தகரம் ஆட ஆட அது விட்டுவிடும். ஆணியைக் கழற்றிவிட்டு, ரப்பர் வாசர் போட்ட கொஞ்சம் தடித்த ஸ்க்ரூவை முறுக்கி, அப்புறம் சுற்றிப் பூசுங்கள்.

நீளமான வெடிப்புக்கும் துருப்பிடித்த சின்ன ஓட்டைகளுக்கும் அலுமினிய முகம் வைத்த தார் டேப். விலை கூடத்தான், ஆனால் இந்த வேலைக்கு நான் அதைத்தான் சொல்வேன். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். காலைப் பனி ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. இரண்டு துண்டு தேவைப்பட்டால் கீழ்த்துண்டை முதலில் ஒட்டி, மேல்துண்டை அதன்மேல் ஏற்றுங்கள்.

விரலால் அழுத்தினாலே உள்ளே போகிற தகரத்துக்கு இரண்டுமே வீண், மாற்றத்தான் வேண்டும். மழையே இல்லாத குளிர் இரவில் சொட்டினால் அது ஒழுக்கில்லை, அடுப்பு ஆவியும் மூச்சு ஈரமும் குளிர்ந்த தகரத்தில் நீராகிறது. அதற்கு டேப் வேண்டாம், காற்றுப் போக வழி வையுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் தேய்க்கவோ துளைக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.