க்ரம்பிளா, ஈவ்ஸ் புட்டிங்கா, ஷார்லட்டா? ஒரே ஆப்பிளுக்கு மூன்று வழிகள்

பிரிட்டிஷ் வீடுகளில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஓவனிலிருந்து சூடாக மேசைக்கு வரும் ஆப்பிள் புட்டிங்குகள் பல. அதில் வீட்டிலேயே செய்ய ஏற்றவை என்று மூன்றைச் சொல்லலாம்: க்ரம்பிள், ஈவ்ஸ் புட்டிங், ஆப்பிள் ஷார்லட். பழம், வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் பொது. க்ரம்பிளில் பழத்தின் மேல் உதிரியாகப் பிசிறிய மாவு, ஈவ்ஸ் புட்டிங்கில் கேக் கலவை, ஷார்லட்டில் பழத்தைச் சுற்றி வெண்ணெயில் தோய்த்த பிரெட்.

குறிப்பாகப் படிக்கும்போது மூன்றுமே சுலபம். செய்யும்போது மூன்றையும் கெடுப்பது ஆப்பிள் விடும் தண்ணீர்தான். ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் தண்ணீர். க்ரம்பிள் அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். ஈவ்ஸ் புட்டிங் கொஞ்சத்தைக் குடித்துக்கொள்ளும். ஷார்லட் கொஞ்சம்கூடத் தாங்காது. எதைத் தேர்ந்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

முதலில் பழம்

பிரிட்டனில் இதற்கென்றே இருப்பது பிராம்லி. பச்சைத் தோல், பெரிய காய், கடித்தால் பல் கூசும் புளிப்பு. 1809-இல் நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி போட்ட விதையிலிருந்து வந்த மரம். பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் மேத்யூ பிராம்லி, 1856-இல் ஒட்டுக்குக் கிளை கேட்டு வந்த நர்சரிக்காரரிடம், தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். விதை போட்டவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

பிராம்லி வெந்ததும் நுரைத்துப் பொங்கி, பிறகு மசிந்துவிடும். காக்ஸ், பிரேபர்ன் போன்ற சாப்பிடும் ஆப்பிள்கள் வெந்தாலும் துண்டாகவே நிற்கும். க்ரம்பிளுக்கு இரண்டு பங்கு பிராம்லி, ஒரு பங்கு பிரேபர்ன் கலப்பது நல்லது; மசியலும் இருக்கும், பல்லுக்குத் துண்டும் அகப்படும். ஈவ்ஸ் புட்டிங்குக்கு பிராம்லி மட்டும் போதும். ஷார்லட்டுக்கு பிராம்லியோடு காக்ஸ் பாதிக்குப் பாதி சேர்த்தால் மசியல் கெட்டியாக நிற்கும். பிராம்லி கிடைக்காத ஊரில் கிரானி ஸ்மித் வாங்கலாம். அது அந்த அளவு மசியாது, சர்க்கரையும் கால் பங்கு குறைவாகவே கேட்கும். சிவப்பு வாஷிங்டன் ஆப்பிள் மூன்றுக்குமே உதவாது. புளிப்பு இல்லாவிட்டால் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடும் பழக்கத்தில் ஆப்பிளையும் போட்டுவிடாதீர்கள். நாம் வெளியேற்றப் பாடுபடும் தண்ணீரை நாமே ஏற்றியதாகிவிடும். கொஞ்சம் கறுத்தால் கறுக்கட்டும், ஓவனுக்குள் போனபின் யாருக்கும் தெரியாது.

க்ரம்பிள்: மன்னிக்கும் குணம் உள்ளது

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்தான் இது வீடுதோறும் பரவியது என்பது பொதுவான கருத்து. 1940 ஜனவரியில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்குள் வந்தன. பழத்தை மாவுத் தகட்டால் மூடிச் சுடும் ‘பை’ (pie) என்ற பண்டத்தின் மாவில் கொழுப்பு குறைந்தால் உருட்டும்போதே விரிசல் விடும். பிசிறிய மாவுக்கு உருட்டும் வேலையே இல்லை, வெண்ணெய்க்கு மாற்றான மார்கரினிலும் ஒப்பேற்றலாம்.

ஆறு பேருக்கு: ஆப்பிள் 900 கிராம், அதற்குச் சர்க்கரை 80 முதல் 100 கிராம். மேலுக்கு மைதா 200, குளிர்ந்த வெண்ணெய் 100, டெமராரா (பொன்னிறப் பருமணி) சர்க்கரை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. எடையில் 2:1:1 என்று நினைவில் வைத்தால் தராசுக்குப் பக்கத்தில் குறிப்புத் தாள் வேண்டாம். வெண்ணெயை 120 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் மாவு உருகி ஒரே தகடாகிவிடும்.

வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, மாவோடு சேர்த்து விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து உதிர்க்க வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறுவதைப் போலத்தான். ஆனால் அதில் கட்டியை உடைப்போம், இதில் கட்டிதான் வேண்டும். ரவை போல உதிர்ந்ததும் சர்க்கரையைக் கலந்து, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, முள்கரண்டியால் கிளறினால் பட்டாணி அளவுக் கட்டிகள் சேரும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயில் காலச் சமையலறையில் வெண்ணெய் விரலிலேயே உருகிவிடும் என்றால், ஃப்ரீசரில் கல்லாக்கி, துருவி, மாவில் போடுங்கள்.

வீட்டில் நெய் இருக்கிறதே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர் உண்டு, கட்டி சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். நெய்யில் செய்தால் மணல் போல உதிர்ந்து கிடக்கும்.

அடுத்த கேள்வி, பழத்தைப் பச்சையாகப் போடுவதா, முன்னரே வதக்குவதா. பச்சையாகப் போட்டால் வேலை குறைவு. ஆனால் பிராம்லி உள்ளே பொங்கி, மேல் மாவைத் தூக்கி, பிறகு அமுங்கும்போது நடுவில் பள்ளம் விழும். விளிம்பில் சாறு பொங்கி ஓவனில் கருகும். வாணலியில் 15 கிராம் வெண்ணெய், சர்க்கரையோடு ஐந்து நிமிடம் வதக்கினால் பழம் முன்கூட்டியே அமுங்கிவிடும், சாறு எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரியும். நிறைய இருந்தால் பழத்தை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் சுண்டக் காய்ச்சி மீண்டும் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கூடுதல் என்றாலும் வதக்குவதே மேல். ஆப்பிளுக்குப் பதில் ரூபார்ப் (பழம் போலவே இனிப்புக்குப் பயன்படும் புளிப்புத் தண்டு) என்றால் வதக்காமல் செய்யவே கூடாது, அது தண்ணீர் மூட்டை.

1.5 லிட்டர் பாத்திரத்தில் பழத்தை இறுக்கமாக நிரப்பி, ஆறவிட்டு, மாவை மேலே தூவுங்கள். அழுத்தாதீர்கள். ஆவி போக வழி வேண்டும். அழுத்தினால் அடியில் கூழ், மேலே ஓடு. மாவின் கனம் 2 செ.மீ-க்கு மேல் போனால் நடுவில் வேகாத மைதா வரி நிற்கும், வாயில் போட்டால் பச்சை மாவு வாசனை அடிக்கும். 190 டிகிரி செல்சியஸில் (விசிறி ஓவனில் 170) 40 நிமிடம். ஓரத்தில் சாறு கெட்டியாகக் குமிழ் விடுவதுதான் அடையாளம், நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மொறுமொறுப்புதான் முக்கியம் என்பவர்கள் மாவைத் தனியாகத் தட்டில் பரப்பி, 180-இல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறிச் சுட்டு, வெந்த பழத்தின் மேல் தூவிப் பத்து நிமிடம் மட்டும் ஓவனில் வைக்கலாம். பல உணவகங்களின் வழி இது. சொதசொதப்புக்கு இடமே இல்லை. ஆனால் பழமும் மாவும் சேரும் இடத்தில் சாறு ஊறிய அந்த ஒட்டும் பகுதியும் கிடைக்காது. க்ரம்பிளில் ருசியே அங்கேதான் என்பது எங்கள் கட்சி.

ஓட்ஸ் சேர்ப்பது பற்றிச் சண்டை உண்டு. மைதாவில் 50 கிராமை எடுத்துவிட்டு ஓட்ஸ் போட்டால் கடிக்க நன்றாக இருக்கும். பாதிக்குப் பாதி போட்டால் காலை உணவாகிவிடும்.

ஈவ்ஸ் புட்டிங்: வரிசை மாறினால் போச்சு

பழத்தின் மேல் மென்மையான கேக். 600 கிராம் பிராம்லி, 75 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் துருவிய தோல். மேலுக்கு வெண்ணெய், காஸ்டர் (நுண்மணி) சர்க்கரை, செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் மாவு) தலா 100 கிராம், முட்டை இரண்டு, பால் ஒரு மேசைக்கரண்டி. செல்ஃப் ரெய்சிங் மாவு இல்லாவிட்டால் 100 கிராம் மைதாவுக்கு ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர்.

இதில் கெடுவது ஒரே இடம்தான்: கேக்கும் பழமும் தொடும் இடத்தில் ஒரு விரல் கனத்துக்கு வேகாத களி. காரணம் இரண்டு. ஆப்பிளில் சர்க்கரை தூவிவிட்டுக் கேக் கலவையை அடிக்கப் போனால், பத்து நிமிடத்தில் அடியில் சாறு தேங்கிவிடும். அல்லது வதக்கிய பழத்தைச் சூடாகவே போட்டால், கலவை வேகும் முன்பே அதிலுள்ள வெண்ணெய் உருகி, அடித்துச் சேர்த்த காற்றெல்லாம் போய்விடும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். கலவையை முதலில் தயார் செய்யுங்கள்: வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவை மடித்துக் கலக்க வேண்டும். அதன் பிறகே ஆப்பிளை அரை செ.மீ கனத்துக்குச் சீவி, சர்க்கரையில் புரட்டி, 1.2 லிட்டர் பாத்திரத்தில் படுக்கவைத்து, உடனே கலவையைப் பரப்புங்கள். பழத்தின் மேல் ஒரு மேசைக்கரண்டி ரவையோ பாதாம் பொடியோ தூவினால் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். கலவை பாத்திரத்தின் விளிம்பைத் தொட வேண்டும், இடைவெளி விட்டால் சாறு அதன் வழியே மேலேறும். 180-இல் (விசிறி ஓவனில் 160) 40 முதல் 45 நிமிடம். முதல் அரை மணிக்குக் கதவைத் திறக்காதீர்கள்.

வெந்ததா என்று குச்சி குத்திப் பார்க்கையில் பலர் ஏமாறுவார்கள். நேராகக் குத்தினால் குச்சி ஆப்பிள்வரை போய் எப்போதும் ஈரமாகவே வரும். அதை நம்பி இன்னும் வைத்தால் கேக் வறண்டுவிடும். சாய்வாக, கேக் அளவுக்கு மட்டும் குத்துங்கள்.

ஷார்லட்: வேலை வாங்கும், அழகும் தரும்

வட்ட அச்சுக்குள் பிரெட் சுவர், உள்ளே ஆப்பிள் மசியல். கவிழ்த்தால் பொன்னிறக் கோட்டையாக நிற்க வேண்டும், பாதி பேருக்கு நிற்காது. 1 கிலோ ஆப்பிள், 50 கிராம் வெண்ணெய், 75 கிராம் சர்க்கரையை மூடாமல் சுண்ட வையுங்கள். மரக்கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும். அந்தக் கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். இறக்கி ஆறியபின் ஒரு முட்டை மஞ்சள் கரு கலந்தால் பிடிப்பு வரும், கட்டாயமில்லை.

முந்தைய நாள் வெள்ளை பிரெட் எட்டுப் பத்துத் துண்டு, ஓரம் நீக்கியது. உருக்கிய வெண்ணெய் 120 கிராம். ஒரு பக்கம் மட்டும் தோய்த்து, அந்தப் பக்கம் அச்சைத் தொடும்படி, ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் 1 செ.மீ ஏறி நிற்கும்படி அடுக்குங்கள். இடைவெளி தெரிந்தால் துண்டு வெட்டி அடையுங்கள். மசியலை மேடாக நிரப்பி, பிரெட்டால் மூடி, 200-இல் (விசிறி ஓவனில் 180) 35 முதல் 40 நிமிடம். வெளியே எடுத்ததும் கவிழ்க்கும் ஆசை வரும். 15 நிமிடம் பொறுங்கள். அச்சு உலோகமாக இருக்கட்டும். பீங்கானிலும் கண்ணாடியிலும் சூடு மெல்ல ஏறுவதால் மேல்மூடி சிவக்கும், சுவர் வெளுத்தே நிற்கும்.

எதை எப்போது

முட்டை சேர்க்காத வீட்டுக்கு க்ரம்பிளும் மஞ்சள் கரு இல்லாத ஷார்லட்டும் பொருந்தும். ஈவ்ஸ் புட்டிங்கை முட்டையில்லாமல் செய்யலாம்தான், ஆனால் பழச்சாற்றின் மேல் நிற்கும் கேக்குக்கு முட்டைதான் முதுகெலும்பு.

விருந்தினர் எப்போது வருவார்கள் என்று தெரியாத நாளில் க்ரம்பிள்தான். பிசிறிய மாவு ஃப்ரீசரில் மூன்று மாதம் இருக்கும், பனியோடு அப்படியே தூவலாம். மறுநாள் 160-இல் 20 நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பும், மைக்ரோவேவில் வைத்தால் போய்விடும். ஈவ்ஸ் புட்டிங்குக்கோ மைக்ரோவேவே போதும். ஷார்லட்டை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

மூன்றுக்கும் துணை கஸ்டர்ட். முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக 1837-இல் பர்மிங்காமின் ஆல்ஃப்ரெட் பேர்ட் சோள மாவில் உருவாக்கிய கஸ்டர்ட் பவுடர் இன்றும் பிரிட்டிஷ் அலமாரிகளில் உண்டு: 568 மில்லி பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர், இரண்டு சர்க்கரை. க்ரம்பிளுக்கு அதன் கெட்டித்தனம் சரியாக இருக்கும். ஷார்லட்டுக்கு மட்டும் மஞ்சள் கருவில் காய்ச்சிய நீர்த்த கஸ்டர்ட் வேண்டும். 82 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், திரிந்துவிடும். அதைச் சுவரின் மேல் ஊற்றாமல் தட்டின் ஓரத்தில் ஊற்றுங்கள்.