ஜெனரல் லீ காருக்குப் புழுதி ஏற்ற டாமியா வெதரிங் மாஸ்டர் போதுமா?

ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் வெதரிங் மாஸ்டர் ஏ செட்டைப் பார்த்தால் மேக்கப் டப்பா மாதிரித்தான் இருக்கும். மணல், வெளிர்மணல், சேறு என மூன்று வில்லைகள், கூடவே ஒரு முனையில் ஸ்பாஞ்சும் மறுமுனையில் தூரிகையும் உள்ள சின்னக் குச்சி ஒன்று. டாங்கி கட்டுகிறவர்கள் வாங்கும் சாமான் என்று கார் மாடல் செய்கிறவர்கள் பலர் இதை எடுத்துப் பார்ப்பதே இல்லை. அது தவறு. 1/25 அளவில் ‘ஜெனரல் லீ’ என்ற தொலைக்காட்சித் தொடர்க் காரைக் கட்டுபவருக்கு இதைவிட அடக்கமாக, திருத்திக்கொள்ளும் வசதியோடு வேலை செய்யும் புழுதி வேறு இல்லை. ஆனால் இது ஒன்றே போதாது. எங்கே போதும், எங்கே கைவிடும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், இந்தக் காரின் மேல் என்ன அழுக்கு இருந்திருக்கும்? 1979 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1985 பிப்ரவரிவரை ஓடிய ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்’ தொடரில், மண் ரோட்டில் பறந்து ஓடைகளைத் தாண்டிக் குதித்த ஆரஞ்சு நிற 1969 டாட்ஜ் சார்ஜர் இது. 147 எபிசோடுகளுக்காக ஏறத்தாழ 300 சார்ஜர்கள் செலவாயின என்பது பொதுவான கணக்கு. பழைய கார்களாக வாங்கி, ஆரஞ்சு அடித்து, குதிக்க விட்டார்கள். 1978 நவம்பர் 11 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த முதல் தாவலில் கார் சுமார் 82 அடி தூரம் பறந்தது. இறங்கிய பிறகு அது ஓட்டத்துக்கு உதவவில்லை.

இப்படிப்பட்ட காருக்குத் துரு பிடிக்க நேரம் ஏது? கதைப்படியும் அது இரண்டு பையன்கள் கண்ணாகப் பார்த்துக்கொண்ட கார். ஆகவே சக்கர வளைவைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாகத் துருவும், கதவடியில் ஓட்டையும் வைத்துச் செய்யும் ஜெனரல் லீ எவ்வளவு கைத்திறன் காட்டினாலும் பொய்யான கார்தான். துருவுக்கு இடம் இரண்டே: புகைபோக்கிக் குழாயும் அடித்தட்டின் பின்பகுதியும். மற்றதெல்லாம் அன்றன்றைக்குப் படிந்த புழுதி. பெயிண்ட் உரிந்தது போல் காட்டும் சிப்பிங் திரவத்துக்கு வைத்திருக்கும் காசை இந்த மாடலுக்குச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி புழுதியின் நிறம். முதல் ஐந்து எபிசோடுகள் ஜார்ஜியாவின் கவிங்டன், கான்யர்ஸ் பகுதியில் படமாயின. இரும்பு ஆக்சைடு ஏறிய செம்மண் நாடு அது. அதன் பிறகு படப்பிடிப்பு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது. அங்கே மண் வெளிறிய, காய்ந்த வைக்கோல் நிறம். எந்த எபிசோடின் காரைச் செய்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் புழுதி காருக்குப் பொருந்தாமல் நிற்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. செம்மண் ஆரஞ்சு உடம்பின் மேல் கண்ணுக்கே தெரியாது. பவுடரைக் கூட்டிக் கூட்டி அப்பினாலும், பெயிண்ட் மங்கிப்போன கார் போலத்தான் தோன்றும். கலிஃபோர்னியப் புழுதியோ ஒரே தடவலில் பளிச்சென்று தெரியும். முதல்முறை செய்கிறவர் அதையே எடுக்கலாம். வெதரிங் மாஸ்டர் ஏ செட்டின் வெளிர்மணல் வில்லை அந்த நிறத்துக்கு மிக நெருக்கம். செம்மண்தான் வேண்டும் என்பவர் பி செட்டில் உள்ள துரு வில்லையையும் ஏ செட்டின் வெளிர்மணலையும் ஒன்றுக்கு இரண்டாகத் தொட்டு, ஒரு துண்டு மணல்தாளில் தேய்த்துக் கலந்துகொள்ள வேண்டும். துருவை நேரடியாக வைத்தால் ஆரஞ்சில் மூழ்கிவிடும்.

புழுதி சரியாக விழ வேண்டுமானால் அடியில் உள்ள பெயிண்ட் சரியாக இருக்க வேண்டும். ஆரஞ்சு மறைக்கும் சக்தி குறைந்த நிறம். சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் அடித்தால் செங்கல் மாதிரி மங்கிவிடும். வெள்ளை பிரைமர் கட்டாயம். டாமியாவின் டிஎஸ்-12 ஆரஞ்சு ஸ்ப்ரேயை 20 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய மூன்று பூச்சாக, பூச்சுக்கு 20 நிமிட இடைவெளி விட்டு அடியுங்கள். கதவு விளிம்பிலும் பானெட் முனையிலும் வெள்ளை எட்டிப் பார்த்தால், முழு உடம்புக்கும் இன்னொரு பூச்சு கொடுக்காமல் அந்த விளிம்புகளுக்கு மட்டும் தூறல் போதும். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் மழை நாளில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் வெண்மூட்டம் படரும். பெயிண்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. வெயில் ஏறிய பிறகு அடிப்பதே வழி.

‘01’ எண் டிகால்களை (மெல்லிய ஒட்டுப்படங்கள்) ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, டிஎஸ்-13 கிளியரை (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) முதலில் இரண்டு தூறலாகப் போட்டு, பிறகே ஈரப் பூச்சு அடியுங்கள். எடுத்த எடுப்பிலேயே ஈரமாக அடித்தால் டிகால் சுருங்கிவிடும். தொடரில் இந்தக் காரின் கூரையில் வரைந்திருந்த கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. அது அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்புப் படைகளின் போர்க்கொடி. 2015-இல் தொடரின் உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் அந்தக் கொடியோடு கூடிய பொம்மைகளுக்கும் மாடல்களுக்கும் உரிமம் தருவதை நிறுத்தியது. கூரையை வெறும் ஆரஞ்சாக விட்டால் காரின் அடையாளம் குறைவதில்லை. ‘01’ எண்ணும், முன்பக்கக் கறுப்புப் புஷ் பாரும், பத்து ஆரம் கொண்ட வெக்டர் சக்கரங்களும் போதும். புழுதி வேலைக்கும் வெற்றுக் கூரையே நல்ல களம்.

இனி இந்த வேலையின் உயிர்நாடி. வெதரிங் மாஸ்டர் பளபளப்பான கிளியரில் பிடிக்காது. வழுக்கித் திட்டுத் திட்டாக நிற்கும். முழு உடம்பையும் மேட் (பளபளப்பற்ற) கிளியரால் மூடினால் பிடிக்கும், ஆனால் ஆரஞ்சு வெளுத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிடும். சரியான வழி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கதவின் பாதிக்குக் கீழே, சக்கரங்களுக்குப் பின்னால், பின்பக்க விளக்குப் பலகை முழுவதும் டிஎஸ்-80 மேட் கிளியரைத் தூறலாகப் போடுங்கள். மேற்பாதியை ஒட்டு டேப்பால் மூட வேண்டாம், கோடு விழும். ஒரு காகித அட்டையை உடம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளிப் பிடித்து அதன் மேலாக அடித்தால் எல்லை புகைபோல் கரையும். மேலே பளபளப்பு, கீழே மேட், நடுவே மெல்ல மங்கும் இடம்: நிஜப் புழுதி இப்படித்தான் தெரியும். செம்மண் கார் செய்பவருக்கு நிற வேறுபாடு கைகொடுக்காத இடத்தில் இந்தப் பளபளப்பு வேறுபாடுதான் முக்கால்வாசி வேலையைச் செய்யும்.

ஸ்பாஞ்சை வில்லையில் இரண்டு முறை தேய்த்து, தாளில் ஒருமுறை தட்டி, முன்சக்கர வளைவின் பின்விளிம்பிலிருந்து பின்னோக்கி இழுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது; ஓடும் கார் மீது புழுதி பின்னோக்கித்தான் போகும். பின்சக்கரத்துக்குப் பின்னால் இன்னும் அடர்த்தி. எல்லாவற்றிலும் அழுக்கான இடம் காரின் பின்முகம். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய புழுதியை அந்தச் சுழல் உள்ளிழுத்து டிக்கி, விளக்கு, நம்பர் பிளேட் எல்லாவற்றின் மீதும் அப்பிவிடும். நிறைய மாடல்களில் முன்பக்கம் சேறாகவும் பின்பக்கம் துடைத்துவைத்தது போலவும் இருக்கும். அது தலைகீழ்.

பிறகு துடைக்கும் வேலை. மற்ற தயாரிப்புகளை இந்த டப்பா மிஞ்சுவது இங்கேதான், ஏனென்றால் லேசாக ஈரப்படுத்திய காட்டன் பட்ஸால் போட்டதை எடுத்துவிடலாம். கதைப்படி இந்தக் காரின் கதவுகள் வெல்டு செய்து மூடப்பட்டவை; ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குவார்கள். ஆகவே கதவுக் கைப்பிடியைச் சுற்றித் தேய்மானம் காட்டுவதில் பொருளே இல்லை. ஜன்னலின் கீழ்விளிம்பிலும் அதன் அடியில் ஒரு கையகலத்துக்கும் புழுதி துடைபட்டு, பேண்ட் துணி உரசிய பளபளப்பு இருக்க வேண்டும். பானெட்டின் மேல் சறுக்கிப் போவதும் தொடரின் முத்திரை. பானெட்டில் மெல்லிய புழுதி போட்டு, குறுக்காக ஒரே இழுப்பில் 15 மி.மீ. அகலத்துக்குத் துடையுங்கள். 15 மி.மீ. என்பது 25 மடங்கில் 37.5 செ.மீ., ஒரு மனிதன் உட்கார்ந்து சறுக்கும் அகலம். முன்கண்ணாடியில் வைப்பர் வளைவை டேப்பில் வெட்டி ஒட்டி, சுற்றிலும் மேட் கிளியர் தூறி, வெளிர்மணல் தடவி, டேப்பை உரித்தால் போதும்.

இனி இதன் குறை. அடித்தட்டுக்கும் சக்கர வளைவின் உள்பக்கத்துக்கும் வெதரிங் மாஸ்டர் உதவாது. அதற்குத் தடிமனே இல்லை, நிறம் மட்டுமே. அங்கே தனிப் பிக்மென்ட் பவுடர் வேண்டும். இரண்டு பங்கு பவுடர், ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், குழம்புப் பதம் வரும் வரை அக்ரிலிக் மேட் மீடியம். கலக்கும் முன் பவுடரை நைலான் துணியில் சலியுங்கள். 1 மி.மீ. கட்டி இந்த அளவில் 2.5 செ.மீ. கல்லாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, குச்சியால் முடியை வளைத்து விட்டுச் சக்கர வளைவுக்குள் தெறிக்கவிடலாம். உலர்ந்த பவுடரை மட்டும் தூவி பிக்மென்ட் ஃபிக்சர் (பவுடரை ஒட்டவைக்கும் திரவம்) சொட்டுவது அடித்தட்டில் சரிவரும். வெளி உடம்பில் வேண்டாம். ஃபிக்சர் பட்டதும் நிறம் கருத்து, பாதி மறைந்து, விளிம்பில் கறை வளையம் விடும்.

பவுடர் வாங்க வழியில்லாதவர்கள் கலைப்பொருள் கடையில் கிடைக்கும் சாஃப்ட் பேஸ்டல் குச்சிகளை மணல்தாளில் உரசித் தூளாக்கிக்கொள்ளலாம். ஓச்சர், பர்ன்ட் சியன்னா, வெள்ளை மூன்றும் போதும். ஜார்ஜியாவுக்குச் சியன்னா அதிகம், கலிஃபோர்னியாவுக்கு ஓச்சரும் வெள்ளையும். ஆயில் பேஸ்டல் வாங்கிவிடாதீர்கள். அது தூளாகாது, மெழுகாக அப்பிக்கொள்ளும். குச்சித் தூளுக்கு வெதரிங் மாஸ்டரின் ஒட்டும் தன்மை இல்லை. கீழ்ப்பாதிக்கு உதவும், பானெட்டுக்கு உதவாது.

இடுக்குகளில் ஓடி நிரம்பும் நீர்த்த எனாமல் பெயிண்டான டாமியாவின் பேனல் லைன் ஆக்சென்ட் 40 மி.லி. புட்டியில், மூடியிலேயே தூரிகையோடு வருகிறது. கதவு இடுக்குக்குக் கறுப்பு வேண்டாம், அடர்பழுப்பே ஆரஞ்சுக்குப் பொருந்தும். கறுப்பு, மார்க்கர் பேனாவால் கோடு போட்டது போல் நிற்கும். முன் கிரில்லிலும் சக்கர ஆரங்களின் இடுக்கிலும் இது அற்புதமாக ஓடி நிரம்பும். இரண்டு எச்சரிக்கைகள். மேட் பூச்சின் மேல் இது கறையாகப் பரவும். ஆகவே மேட் கிளியருக்கு முன்பே, பளபளப்புப் பூச்சு ஒரு முழுநாள் காய்ந்த பிறகு போட வேண்டும். பெயிண்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் இறுக்கிப் பொருத்திய புஷ் பார், அச்சு மாதிரி பாகங்களில் பட்டால் எனாமல் தின்னர் உள்ளே இறங்கி, மறுநாள் தொட்டதும் உடைந்துவிடும்.

கிட்டோடு வரும் வினைல் டயர்களில் எனாமல் எதுவும் படக் கூடாது. வினைலில் உள்ள மென்மையூட்டி பெயிண்டைக் காயவிடாமல் மாதக்கணக்கில் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். டயரின் நடுவே அச்சு வார்ப்பு விட்ட கோட்டை 400 எண் மணல்தாளில் தேய்த்து எடுத்து, பவுடரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துப் பூசி, காய்ந்ததும் துணியால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் தங்கும். தரையில் படும் பட்டை சுத்தமாகவே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்த பிறகு மேலே மூடுபூச்சு அடிக்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அடிக்க வேண்டாம். எந்தக் கிளியரும் வெதரிங் மாஸ்டரின் புழுதியைப் பாதியாவது விழுங்கிவிடும். ஜன்னல் விளிம்பில் பாடுபட்டுக் கொண்டுவந்த பளபளப்பும் அதோடு போய்விடும். அதற்குப் பதிலாக, புழுதி ஏற்றும் முன்பே உடம்பை அடித்தட்டோடு பொருத்தி, பின் அச்சுக்கு நடுவே 3 மி.மீ. துளையிட்டு, பலகையில் ஒரு திருகால் பிடித்துவிடுங்கள். அதன்பின் தூக்குவதெல்லாம் பலகையைத்தான், விரல் உடம்பில் படாது.