நானோவிஎன்ஏ: ஆன்டெனா லேப்ல வெச்சு யூஸ் பண்ணிப் பாத்ததுல தெரிஞ்சது

யூனிவர்சிட்டில எலக்ட்ரோமேக்னடிக்ஸ் பக்கம் ரிசர்ச் ஃபேகல்ட்டியா புதுசா சேர்றவங்க கேக்கற மொதல் கேள்வி, லேபுக்கு என்ன வாங்கலாம்ங்கறதுதான். இந்த வேலைக்கு பெரும்பாலும் டெனியூர் (நிரந்தர வேலை உறுதி) கிடையாது, சம்பளமே ப்ராஜெக்ட் பணத்துல வர்றதுதான் அதிகம், அதனால சேர்ந்த கையோட பெரிய பெஞ்ச் நெட்வொர்க் அனலைசர் (ஆன்டெனா, ஃபில்டர்ல சிக்னல் எவ்வளவு திரும்பி வருது, எவ்வளவு தாண்டிப் போகுதுன்னு அளக்கற கருவி) சொந்தமா வாங்கறதெல்லாம் நடக்காது, டிபார்ட்மென்ட்ல பொதுவா ஒண்ணு இருக்கும், அதையும் யாராவது புக் பண்ணி வெச்சிருப்பாங்க. அந்த காத்திருப்பு தாங்காமதான் நான் அதே வேலையைச் செய்யற, கைக்கு அடக்கமான நானோவிஎன்ஏ வாங்கினேன். இப்ப பெஞ்ச் அனலைசர் பக்கத்து ரூம்லயே இருந்தும் இது மேசையை விட்டுப் போகல.

நான் வெச்சிருக்கறது ஆரம்ப மாடல், 2.8 இன்ச் டச் ஸ்கிரீன், 50 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். ரெண்டு போர்ட் இருக்கு, ஆனா சிக்னல் வெளிய போறது ஒண்ணுல மட்டும்தான், அதனால எஸ்11 (அனுப்பின போர்ட்டுக்கே திரும்பி வர்றது), எஸ்21 (அடுத்த போர்ட்டுக்கு தாண்டி வர்றது) கிடைக்கும், எதிர்ப்பக்கத்துல இருந்து அளக்கற எஸ்22, எஸ்12 வேணும்னா அளக்கற டிவைஸைக் கழட்டி திருப்பி மாட்டணும். ஆன்டெனா மட்டும் அளக்கறவங்களுக்கு இது ஒரு குறையே இல்ல, எஸ்11 போதும்.

இதோட உண்மையான பலம் கேலிப்ரேஷன் (தெரிஞ்ச பொருளை மாட்டி அளவுல இருக்கற பிழையை நீக்கறது) சொல்லிக் குடுக்கறதுல இருக்கு. பெஞ்ச் அனலைசர் முன்னாடி ஸ்டூடண்ட்ஸ் கை நடுங்கும், கனெக்டர் கெட்டுட்டா யார் பதில் சொல்றதுன்னு பயம், அதனால பாதி பேர் சீனியர் பண்ணி வெச்ச கேலிப்ரேஷனை அப்படியே நம்பி அளந்துட்டுப் போயிடுவாங்க. இங்க அவங்களே ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கா இணைச்ச முனை), லோடு (50 ஓம்) ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கலாம். முடிச்சதும் ஸ்மித் சார்ட்ல (ரிஃப்ளெக்ஷனை வட்டத்துக்குள்ள காட்டற படம்) ஓபன் வலது ஓரத்துல ஒரு புள்ளி, ஷார்ட் இடது ஓரத்துல, லோடு நடுவுல. அதுக்கப்புறம் ஒரு சின்ன கேபிளை நடுவுல சேர்த்து திரும்ப ஓபனை மாட்டச் சொல்லுங்க, புள்ளியா இருந்தது ஓரத்தோட ஒட்டி கடிகார திசைல வளைஞ்சு பெரிய வில்லா நீளும். ரெஃபரன்ஸ் பிளேன்னா (அளவு எந்த இடத்துல இருந்து ஆரம்பிக்குதுங்கறது) என்னன்னு போர்டுல எவ்வளவு எழுதினாலும் இந்த அளவுக்குப் புரிய வைக்க முடியாது.

கூட வர்ற 50 ஓம் லோடை மட்டும் மல்டிமீட்டர்ல ஒரு தடவை பாத்துடுங்க. 51 ஓம் காட்டுச்சுன்னா, அதை வெச்சு கேலிப்ரேட் பண்ணினா மைனஸ் 40 டிபிக்கு கீழ காட்டற எதுக்கும் அர்த்தம் இல்ல, ஏன்னா 51 ஓமோட ரிஃப்ளெக்ஷனே சுமார் 0.01, அதாவது மைனஸ் 40 டிபி. சாதாரண ஆன்டெனா வேலைக்கு மைனஸ் 10, மைனஸ் 15 பாக்கறதுக்கு இது தாராளம்.

இனி எங்க கவனமா இருக்கணும்னு பாக்கலாம். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல போனா உள்ள இருக்கற சிந்தசைசரோட ஹார்மோனிக்ஸை (அடிப்படை ஃப்ரீக்வென்சியோட மடங்குகளை) வெச்சுதான் அளக்குது, அங்க சிக்னல் குறையும், டைனமிக் ரேஞ்சும் (அளக்க முடியற பெரிய, சின்ன சிக்னலுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம்) சுமார் 70 டிபில இருந்து 50 டிபி பக்கம் இறங்கிடும். ஃபில்டரோட ஸ்டாப்பேண்ட் (சிக்னலைத் தடுக்கற பகுதி) 60 டிபி இருக்குன்னு சிமுலேஷன் சொல்லுது, 800 மெகாஹெர்ட்ஸ்ல இதுல காட்டலையேன்னா டிசைனை சந்தேகப்படாதீங்க, கருவியோட நாய்ஸ் ஃப்ளோர் (அதுக்குக் கீழ அளக்க முடியாத இரைச்சல் மட்டம்) அங்க நிக்குது. வெளிய வர்றது சைன் வேவும் இல்ல, ஸ்கொயர் வேவ், அதனால ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஆக்டிவ் சர்க்யூட்டை இதுல அளந்து பேப்பர்ல போடறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இன்னொண்ணு, பாயிண்ட்ஸ். ஒரு ஸ்வீப்ல 101 பாயிண்ட்லதான் அளக்கும். முழு ஸ்பேனும் (அளக்கற ஃப்ரீக்வென்சி எல்லை) வெச்சா ரெண்டு பாயிண்டுக்கு நடுவுல 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, குறுகலான ரெசொனன்ஸ் அந்த சந்துல விழுந்து காணாமப் போயிடும், ஆன்டெனா வேலை செய்யலன்னு ஸ்டூடண்ட் வந்து நிப்பாங்க. ஸ்பேனைச் சுருக்கி, திரும்ப கேலிப்ரேட் பண்ணி அளக்கணும். டைம் டொமைன்ல (சிக்னல் திரும்பி வர்ற நேரத்தை வெச்சு) கேபிள் எங்க உடைஞ்சிருக்குன்னு தேடறப்பவும் இதே கணக்குதான் வரும், 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளின்னா சுமார் 111 நானோசெகண்ட், போயிட்டு வர்ற தூரத்துல பாதி எடுத்தா, வெலாசிட்டி ஃபேக்டர் (ஒளி வேகத்துல கேபிளோட சிக்னல் வேகம் எத்தனை பங்கு) 0.66 இருக்கற கேபிள்ல 11 மீட்டர் வரைக்கும்தான் நம்பலாம், நீளமான கேபிளுக்கு ஸ்பேனை இறக்குங்க.

சின்ன போர்டுல இருக்கற ஆன்டெனாவை அளக்கறவங்களுக்கு தனியா சொல்லணும், ஏன்னா இங்கதான் நிறைய பேர் கருவியைத் திட்டறாங்க. எஸ்11ல டிப் (பள்ளம்) அழகா தெரியும், கேபிளை கையால பிடிச்சா டிப் நகரும், விட்டா திரும்பி வரும். இது கருவியோட தப்பு இல்ல, கிரவுண்டு பிளேன் சின்னதா இருக்கறதால கரண்ட் கேபிளோட வெளி ஷீல்டு மேல ஓடுது, அந்த கேபிளும் ஆன்டெனாவோட ஒரு பாகமாயிடுச்சு, எத்தனை விலை குடுத்த அனலைசரை மாட்டினாலும் இதேதான் நடக்கும். ஆன்டெனாவுக்கு பக்கத்துலயே கேபிள்ல ஃபெரைட் (காந்தப் பொருள் வளையம்) மாட்டிப் பாருங்க, கை வெச்சும் டிப் அசையலன்னா அளவை நம்பலாம். இந்தக் கருவி லைட்டா, கைக்கு அடக்கமா இருக்கறதால நீளமான கேபிளே இல்லாம ஆன்டெனா பக்கத்துலயே கொண்டு போய் வைக்கலாம், அது பெஞ்ச் அனலைசர்ல முடியாத காரியம்.

கேபிள் மாட்டற எஸ்எம்ஏ கனெக்டர்தான் சீக்கிரம் தேயற இடம். நட்டை மட்டும் திருப்பணும், டிவைஸைச் சுத்தக் கூடாது, இதை மொதல் நாளே சொல்லிடுங்க. ரெண்டு போர்ட்லயும் ஒரு அடாப்டரை மாட்டி விட்டுட்டா தேய்றது அதோட நிக்கும். பேட்டரி பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, ஓடுது.

டேட்டாவை டச்ஸ்டோன் ஃபைலா (எஸ் அளவுகளைச் சேமிக்கற ஃபார்மட்) கம்ப்யூட்டருக்கு எடுக்க நானோவிஎன்ஏ சேவர்னு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஸ்பேனைத் துண்டு துண்டா ஸ்வீப் பண்ணலாம், 101 பாயிண்ட் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துடும். ஃபைலை சிமுலேஷனோட ஒரே கிராஃப்ல போட்டுப் பாக்கற பழக்கம் ஸ்டூடண்ட்ஸுக்கு வந்துட்டாலே எனக்கு போட்ட காசு வந்த மாதிரி.

என் லேப்ல இப்ப நடக்கறது என்னன்னா, டிசைன் மாத்தறது, சால்டர் பண்றது, திரும்பத் திரும்ப அளக்கறது எல்லாம் இதுல, பேப்பருக்கும் கிராண்ட் ரிப்போர்ட்டுக்கும் போற கடைசி அளவு மட்டும் பெஞ்ச் அனலைசர்ல. புக் பண்ணின நேரத்துக்கு ஸ்டூடண்ட் போறப்பவே என்ன வரணும்னு தெரிஞ்சுகிட்டு போறாங்க.

மாடல் எடுக்கறப்ப உங்க ஃப்ரீக்வென்சியை பாத்து எடுங்க. 433, 868 மெகாஹெர்ட்ஸ் வேலைன்னா 4 இன்ச் ஸ்கிரீன் எச்4 மாடல் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், கண்ணுக்கும் சுகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனா பண்றவங்களுக்கு அது உதவாது, 3 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போற வி2 எடுங்க, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேண்டும் வேணும்னா 6 கிகாஹெர்ட்ஸ் தாண்டற லைட்விஎன்ஏவைப் பாருங்க.