நடுராத்திரியில் தானே விழிக்கும் போன்: செட்டிங்ஸா, காந்தப் பேடா, டைமரா?

வயர்லெஸ் சார்ஜிங் பேடில் வைத்த போன் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஒளிர்ந்து அறையையே வெளிச்சமாக்கினால், விழிப்பது போன் மட்டுமல்ல. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அதிகாலையில் கிளம்ப வேண்டியவருக்கு அந்த அரைமணித் தூக்கம் பெரிய நஷ்டம். இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் பல. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்துக்கான மருந்து. காரணம் தெரியாமல் வாங்கினால் காசுதான் போகும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு தடவை கவனித்தால் போதும். ஸ்கிரீன் விழித்த அந்த விநாடியில் அதில் என்ன தெரிகிறது? சார்ஜ் ஏறும் வட்டமோ சதவீதமோ வந்தால், மின்சாரம் அறுந்து மறுபடி ஒட்டியிருக்கிறது. வெறும் கடிகாரமும் பூட்டும் மட்டும் வந்தால், தொடுதல் அல்லது அசைவு. செய்தி ஏதாவது வந்திருந்தால் நோட்டிஃபிகேஷன். பின்னிரண்டையும் செட்டிங்ஸில் நிறுத்திவிடலாம். முதலாவது அப்படி அடங்காது. இரவில் தொல்லை தருவது பெரும்பாலும் அந்த முதலாவதுதான்.

செட்டிங்ஸ்: காசில்லாத வழி, பாதித் தீர்வு

ஐபோனில் இரண்டு இடங்கள். 'டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்' உள்ளே 'ரைஸ் டு வேக்' என்பதை அணையுங்கள். 'அக்சஸிபிலிட்டி', 'டச்' உள்ளே 'டேப் டு வேக்' இருக்கும், அதையும் அணையுங்கள். போனை ஸ்டாண்டில் படுக்கைவாட்டில் வைப்பவர்கள் 'ஸ்டாண்ட்பை' பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த வசதி அது. போன் பூட்டிய நிலையில், சார்ஜ் ஏறியபடி, பக்கவாட்டாக நிமிர்ந்து நின்றால் முழு ஸ்கிரீனும் கடிகாரமாகிவிடும். பலர் இதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். பிழை எதுவும் இல்லை, அணைத்தால் போய்விடும்.

சாம்சங்கில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' உள்ளே 'மோஷன்ஸ் அண்ட் ஜெஸ்சர்ஸ்' பக்கத்தில் தூக்கினால் விழிப்பது, இரட்டைத் தட்டலில் விழிப்பது இரண்டும் இருக்கும். பிக்சலில் 'டிஸ்ப்ளே' உள்ளே லாக் ஸ்கிரீன் பகுதியில் தட்டல், தூக்கல், நோட்டிஃபிகேஷன் மூன்றுக்கும் தனித்தனிச் சுவிட்சுகள் உண்டு.

நோட்டிஃபிகேஷனுக்கு 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டும் ஸ்கிரீன் எரிகிறது என்று ஆண்ட்ராய்டுக்காரர்கள் சொல்வது நியாயம்தான். அது பல போன்களில் சத்தத்தை மட்டும் நிறுத்தும், வெளிச்சத்தை நிறுத்தாது. அதே பக்கத்தில் நோட்டிஃபிகேஷனை மறைக்கும் தேர்வு தனியாக இருக்கும். சத்தமும் வேண்டாம், காட்சியும் வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் வேலை முடியும்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 'ஸ்டே அவேக்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. சார்ஜில் இருக்கும்வரை ஸ்கிரீனை அணையவே விடாது. எப்போதோ எதற்கோ போட்டு மறந்திருப்பீர்கள்.

இவ்வளவும் செய்தாலும், பேடில் சார்ஜ் அறுந்து ஒட்டும்போது வரும் விழிப்பு நிற்காது. ஐபோனில் அதை மட்டும் அணைக்கத் தனிச் சுவிட்ச் கிடையாது. ஆண்ட்ராய்டின் மூலநிரலை எழுதியவர்கள் இந்தத் தொல்லையை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். பேடிலிருந்து எடுக்கும்போது விழிக்காதே, கிடந்த இடத்திலேயே கிடக்கிற போனுக்குச் சார்ஜ் மறுபடி வந்தாலும் விழிக்காதே என்று அதில் விதி இருக்கிறது. போன் கிடந்த கோணம் சுமார் 5 டிகிரிக்கு மேல் மாறியதா என்று அசைவு சென்சாரை வைத்துப் பார்க்கிறது. ஆனால் போன் கம்பெனிகள் அதற்கு மேல் தங்கள் சார்ஜிங் படத்தை ஒட்டும்போது அந்த விதியின் பலன் பாதி போய்விடுகிறது.

சார்ஜ் ஏன் அறுகிறது?

சி (Qi) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரநிலையில் போனும் பேடும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. 'இன்னும் கொடு, கொஞ்சம் குறை' என்று போன் விநாடிக்குப் பல தடவை சிறு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி சிறிது நேரம் வரவில்லை என்றால் பேடு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேலே போன் இருக்கிறதா என்று மறுபடி தேடத் தொடங்கும். கண்டுபிடித்ததும் புதுச் சார்ஜ். ஸ்கிரீன் விழிக்கிறது.

செய்தி அறுவதற்கு முதல் காரணம் காயில் (கம்பிச்சுருள்) விலகல். உள்ளே இருக்கும் காயில் உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே பிடி தளரும். கேமரா மேடு பெரிதான போன் தட்டைப் பேடில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வைப்ரேஷன் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். பேடின் ரப்பர் வளையத்தில் தூசி படிந்திருந்தால் இன்னும் வேகமாக. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். பாதிப் புகார் அதோடு போவதுண்டு.

அடுத்தது இடையில் சிக்கும் உலோகம். கவருக்குள் மீனாட்சி அம்மன் படம் அச்சிட்ட காகிதம் இருந்தால் ஒன்றும் ஆகாது. அதுவே செப்புத் தகடாகவோ பித்தளை டாலராகவோ இருந்தால் பேடு அதை அந்நியப் பொருளாக உணர்ந்து நிறுத்தும். சூடேறும் ஆபத்தும் உண்டு. கார் ஹோல்டருக்காகக் கவரில் ஒட்டும் இரும்புத் தகடும் இதே வகை. ஏடிஎம் கார்டை அங்கே வைக்கவே கூடாது. கவரின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது அடாப்டர். 15 வாட் பேடை டிவியின் யூஎஸ்பி துளையிலோ பழைய 5 வாட் அடாப்டரிலோ செருகினால், போன் அதிகம் கேட்கும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து பேடு ரீசெட் ஆகும். 20 வாட் பிடி (PD, பவர் டெலிவரி) அடாப்டரும், நீளமில்லாத தடித்த கேபிளும் வேண்டும்.

நான்காவது நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி அறை ராத்திரியிலும் ஆறுவதில்லை. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சூடு கூடினால் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜை மென்பொருளே தடுக்கும். ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே மாதிரித் தற்காப்பு உண்டு. சூடானால் நிற்கும், ஆறினால் தொடங்கும், மறுபடி சூடாகும். ஒவ்வொரு தொடக்கமும் ஒரு விழிப்பாகலாம். பேடை மெத்தையிலோ தலையணை ஓரத்திலோ வைக்காமல், ஃபேன் காற்று படும் மரப்பலகையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

காந்தப் பேடு: விலகலுக்கு இதுதான் சரியான மருந்து

2020-இல் ஐபோன் 12-உடன் வந்த மேக்சேஃப் காந்த வளையத்தை அடிப்படையாக வைத்து, 2023-இல் அறிவிக்கப்பட்டது சி2 (Qi2) என்ற அடுத்த தரநிலை. வளையம் 'டக்' என்று இழுத்து நடுவில் உட்கார வைத்துவிடும். வைப்ரேஷனில் நகராது, ஸ்டாண்டில் சரியாது. விலகல்தான் உங்கள் காரணம் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதையே வாங்குங்கள்.

போனுக்குள் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் 12 வரிசை முதல் பெரும்பாலானவற்றில் உண்டு, பிக்சல் 10-இலும் உண்டு. கேலக்ஸி எஸ்25-இல் போனுக்குள் இல்லை, காந்தக் கவர் போட்டால்தான் ஒட்டும். தனியாக ஒட்டும் வளையம் வாங்கினால் காயிலுக்குச் சரியாக நடுவில் ஒட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் தவறாக ஒட்டினால் தினமும் அதே தவறான இடத்தில் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும், தட்டைப் பேடே தேவலை என்றாகிவிடும்.

காந்தம் சூட்டுக்கு மருந்தாகாது. கரண்ட் போய் வருவதற்கும் ஆகாது.

டைமர்: வெயிலுக்கும் விடிய விடியச் சார்ஜுக்கும்

ராத்திரி முழுக்கப் பேடுக்கு மின்சாரம் எதற்கு? ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு அணைகிற மாதிரி பேடின் பிளக்கில் டைமர் போட்டால், அதற்குப் பிறகு அறுந்து ஒட்ட ஒன்றுமே இல்லை. 100 சதவீதம் வந்த பிறகு நின்று நின்று தொடங்கும் சுழற்சியும் ஒழியும். பேட்டரிக்கும் நல்லது. சூடும் விழிப்பும் சேர்ந்து படுத்தும் வீடுகளுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

ஆனால் சுற்றுகிற பல் வைத்த மெக்கானிக்கல் டைமர் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்றால், அன்று டைமர் ஏழெட்டு மணி நேரம் பின்தங்கும். ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டியது விடியற்காலை நான்கரைக்குத் தொடங்கும், ஸ்கிரீனும் அப்போதுதான் விழிக்கும், சார்ஜும் ஏறியிருக்காது. இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள், இல்லையென்றால் பேட்டரியோடு வரும் டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். வைஃபை பிளக் என்றால் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் போன் ஒளிர்ந்தால், மாறும் அந்தக் கணத்தில் பேடு ரீசெட் ஆகிறது. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அந்தப் பக்கம் தள்ளினால் மாறும் வேகம் கூடும்.

ஆட்டோமேஷன்: வேறு வழியே இல்லாதபோது

ஐபோனின் 'ஷார்ட்கட்ஸ்' செயலியில் சார்ஜர் இணைந்ததும் ஸ்கிரீனைப் பூட்டு என்று ஆட்டோமேஷன் எழுதலாம். பூட்டும் கட்டளை ஐஓஎஸ் 16.4 முதல் உண்டு. கேட்காமலே உடனே இயங்கும்படி வைக்க மறக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் மேக்ரோட்ராய்டு, டாஸ்கர் என்ற செயலிகள் இரண்டும் இதைச் செய்யும். அங்கே பூட்டுவதற்கு இரண்டு வழி. டிவைஸ் அட்மின் வழியாகப் பூட்டினால் அடுத்த தடவை கைரேகை எடுக்காமல் பின் எண் கேட்கும். அக்சஸிபிலிட்டி வழி ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது, அதில் கைரேகை வேலை செய்யும். அதையே தேர்ந்தெடுங்கள். பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைக் கொன்றுவிடாமல் இருக்க விலக்கும் கொடுங்கள்.

இதன் குறை வெளிப்படை. ஸ்கிரீன் ஒரு கணம் எரிந்துதான் அணையும். சார்ஜ் அறுவதும் அறுந்தபடியே இருக்கும், நோயை விட்டுவிட்டு முனகலை அடைக்கிற வேலை. பகலில் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே பேடில் வைத்தாலும் முகத்துக்கு நேரே பூட்டிக்கொள்ளும், அதனால் இரவு நேரத்துக்கு மட்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

வாங்கும் முன்

டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் பேடு வாங்கப் போனால் உங்கள் போனை உங்கள் கவரோடும், வீட்டு அடாப்டரோடும் கேபிளோடும் கொண்டுபோங்கள். கடைக்காரர் மேஜையில் இருக்கும் அடாப்டரில் எல்லாப் பேடும் நன்றாகத்தான் ஓடும். போனைப் பேடில் வைத்து, சார்ஜ் படம் வந்து ஸ்கிரீன் அணையும்வரை காத்திருங்கள். பிறகு ஒரு விரலால் மேலே, கீழே, இடம், வலம் என்று அரை சென்டிமீட்டர் மெதுவாகத் தள்ளுங்கள். வேறொரு போனிலிருந்து அழைத்து இருபது விநாடி வைப்ரேட் ஆக விடுங்கள். சார்ஜ் படம் மறுபடி வந்தால் அந்தப் பேடை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.