உம்மு குல்தூமும் ஃபைரூஸும்

எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம் 1936 முதல் 1947 வரை ஆறு படங்களில் நடித்தாலும், அவரது உண்மையான அரங்கம் மாதத்தின் முதல் வியாழன் இரவில் வானொலி ஒலிபரப்பிய கச்சேரியே; கையில் கைக்குட்டையைப் பற்றியபடி, ரசிகர்கள் கேட்கக் கேட்க ஒரே வரியைப் புதுப்புது விதமாகத் திரும்பப் பாடியதால், ஒரு பாடலே ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். லெபனானியப் பாடகி ஃபைரூஸோ இசையமைப்பாளர்களான ரஹ்பானி சகோதரர்களின் சுருக்கமான பாடல்களாலும் இசை நாடகங்களாலும் புகழ்பெற்றவர். மேடையில் அசையாமல் நின்றே பாடுவார். அவர் நடித்தவை மூன்று படங்கள்தான் என்றாலும், நாடக மேடையில் பழகிய அவரே நடிப்பில் ஒரு படி மேல் என்பேன். அரபு வீடுகள் பலவற்றில் காலைக் காப்பிக்கு ஃபைரூஸ், பின்னிரவுக்கு உம்மு குல்தூம் என்பது வழக்கம்.