பழக்கமா, மன வரைபடமா? பிள்ளையின் படிப்புக்கு எது கைகொடுக்கும்

ஜூன் விடுமுறை முடிந்துவிட்டால், சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறு படித்து, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான். “பழைய தாளைப் போட்டுக்கிட்டே இரு, கை தானா ஓடும்” என்பது ஒரு தரப்பு. “புரியாம எத்தனை தாள் போட்டு என்ன பிரயோஜனம்?” என்பது மறுதரப்பு. துணைப்பாடம் சொல்லித்தருவதால் இரண்டு தரப்புப் பெற்றோரும் என்னிடம் வருகிறார்கள். கற்றலை ஆராய்பவர்களுக்கிடையிலும் இதே வழக்கு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புரிதல் முதலில், பழக்கம் பிறகு. வரிசை மாறினால் பிள்ளைதான் கஷ்டப்படும்.

வழக்கின் பழைய கட்சிக்காரர்கள் இருவர். யேல் பல்கலைக்கழகத்தின் கிளார்க் ஹல், ஒரு தூண்டலுக்கும் அதற்கான செயலுக்கும் இடையே விழும் முடிச்சு ஒவ்வொரு வெகுமதியாலும் இறுகிக்கொண்டே போவதுதான் கற்றல் என்றார். பெர்க்லியில் இருந்த எட்வர்ட் டோல்மன் இதை ஏற்கவில்லை. எலி புதிர்ப்பாதையில் திரியும்போதே அதன் தலைக்குள் அந்த இடத்தின் வரைபடம் உருவாகிறது என்று 1948இல் எழுதினார். ஓர் ஆய்வுக்கூடத்தில் ஹல் ஜெயிப்பார், இன்னொன்றில் டோல்மன். இழுபறி நீண்டுகொண்டே போனது.

இருவர் சொன்னதும் ஒரே தலைக்குள் நடக்கிறது என்று அழகாகக் காட்டியது, 1996இல் மார்க் பேக்கர்டும் ஜேம்ஸ் மெக்கோவும் வெளியிட்ட சோதனை. கூட்டல் குறி போல நான்கு கைகள் உள்ள பாதை. எலியை எப்போதும் தெற்குக் கையிலிருந்து விடுகிறார்கள், தீனி மேற்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவே வந்து இடப்பக்கம் திரும்பினால் தீனி. இப்போது எலி கற்றது எதை? “மேற்கே போ” என்பதையா, “இடப்பக்கம் திரும்பு” என்பதையா? எதிர்ப்பக்கம், வடக்கிலிருந்து விட்டால் தெரிந்துவிடும். எட்டாம் நாள் அப்படி விட்டபோது பெரும்பாலான எலிகள் பழைய இடத்துக்கே போயின. பதினாறாம் நாள் விட்டபோது, வழக்கமான பக்கம் திரும்பி, தீனி இல்லாத கைக்குள் நுழைந்தன. இடையில் நடந்தது கூடுதல் பயிற்சி மட்டுமே.

எலியை வடக்கிலிருந்து விடுவதற்குச் சற்று முன்பு, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் மருந்தை மூளையின் குறிப்பிட்ட பகுதிகளில் செலுத்தியும் பார்த்தார்கள். எட்டாம் நாளில், இட வரைபடத்துக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதியை அடக்கினால் எலிக்கு இடமும் தெரியவில்லை, திருப்பமும் தெரியவில்லை; பழக்கம் இன்னும் உருவாகியிருக்கவில்லை. பதினாறாம் நாளில் பழக்கத்துக்கு ஆதாரமான காடேட் பகுதியை அடக்கினால், எலி மறுபடியும் சரியான இடத்துக்குப் போனது! வரைபடம் அழியவே இல்லை. பழக்கம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். முதலில் வரைபடத்தைப் போட்டுக்கொண்ட மூளைக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது. என் கட்சிக்கு அடிப்படையே இந்த ஒரு முடிவுதான்.

செலவு என்று பார்த்தால் பழக்கம் மலிவு. ஒவ்வொரு முறையும் விளைவுகளைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வேலை சட்டென்று முடியும், கவனம் மிச்சமாகும். வரைபடத்தை வைத்து யோசிப்பது மெதுவானது, சோர்வு தருவது. மூளை இரண்டு முறைகளையும் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் எது அதிக நிச்சயமாக இருக்கிறதோ அதை நம்புகிறது என்று நதானியேல் டா, யாயெல் நிவ், பீட்டர் டயான் மூவரும் 2005இல் ஒரு கணித மாதிரியை முன்வைத்தார்கள்.

நிலைமை மாறினால் பழக்கத்தின் பலவீனம் வெளியே வரும். 1982இல் கிறிஸ்டோபர் ஆடம்ஸ் சில எலிகளுக்கு 100 முறை நெம்புகோலை அழுத்தி இனிப்பு வில்லை பெறும் பயிற்சி தந்தார், வேறு சிலவற்றுக்கு 500 முறை. பிறகு அந்த இனிப்பைத் தின்றால் குமட்டும்படி செய்தார். குறைவாகப் பயின்றவை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. 500 முறை பயின்றவை, தங்களுக்கே வேண்டாத இனிப்புக்காகத் தொடர்ந்து அழுத்தின.

இதை நான் கணக்குப் பாடத்தில் கண்ணால் பார்க்கிறேன். “120 ஸ்டிக்கர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தங்கைக்குக் கொடுத்தான், மீதியில் கால் பங்கை நண்பனுக்குக் கொடுத்தான். நண்பனுக்கு எத்தனை?” 40 போக 80, அதில் கால் பங்கு 20. இதே வகையில் வரிசையாகப் போட்ட பிள்ளைக்கு, அடுத்து “மொத்தத்தில் கால் பங்கை” என்று ஒரே ஒரு சொல்லை மாற்றித் தருகிறேன். பென்சில் நிற்காமல் 20 என்றே எழுதுகிறது. விடை 30. அந்தப் பிள்ளைக்குப் பின்னம் தெரியாமல் இல்லை. நீளக் கட்டம் வரைந்து காட்டச் சொன்னால் உடனே தானே திருத்திக்கொள்கிறது.

பெரியவர்களும் இப்படித்தான். 2014 பிப்ரவரியில் லண்டன் பாதாள ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது வேறு வழி தேடிய பயணிகளில் ஒரு சிறு பகுதியினர், வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் புது வழியை விடவில்லை என்று பயண அட்டைத் தரவுகள் காட்டின. அதுவரை தங்களுக்குத் தோதான வழி எது என்றே தேடிப்பார்க்காதவர்கள் அவர்கள். நம் ஊரில் 2024 செப்டம்பரில் கிழக்கு மேற்கு ரயில் தடம் சில நாள் தடைபட்டபோதும், பேருந்து வழிகளை மனத்தில் வைத்திருந்தவர்களுக்கும் ஒரே தடத்தை நம்பியிருந்தவர்களுக்கும் காலைப்பொழுது ஒரே மாதிரி இருந்திருக்காது.

நெருக்கடி நேரத்தில் மட்டும் தராசு மறுபக்கம் சாய்கிறது. லார்ஸ் ஷ்வாபேயும் ஆலிவர் வொல்ஃபும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினர் பனிக்கட்டி நீரில் கையை வைத்திருக்க, ஒருவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மன அழுத்தத்துக்குப் பிறகு கற்றவர்கள், வயிறு நிறையத் தின்று சலித்துப்போன உணவைத் தரும் தெரிவையே விடாமல் தொடர்ந்தார்கள். தேர்வறையும் ஒருவகையில் இப்படிப்பட்ட இடம்தானே. ஆகவே பயிற்சித் தாள் தரப்புக்கும் நியாயம் உண்டு: பதற்றத்தில் யோசனை குழம்பினாலும் கைக்குப் பழகியது நிற்கும். பழகியது சரியானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எலியிலிருந்து பிள்ளைக்குத் தாவும்போது ஒரு நிதானமும் வேண்டும். பயிற்சியைக் கூட்டி மனிதர்களிடம் பழக்கத்தை உண்டாக்க சான டி விட் குழுவினர் செய்த ஐந்து முயற்சிகளும் பலிக்கவில்லை என்று 2018இல் அவர்களே வெளியிட்டார்கள். அதனால், “இத்தனை தாள் போட்டால் மூளை இயந்திரமாகிவிடும்” என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

சரி, எதற்கு எது? வாய்ப்பாடு, ல-ள-ழ, ண-ன-ந பிழையின்றி எழுதுவது போன்றவற்றைப் பழக்கத்திடம் ஒப்படைத்துவிடலாம். இவற்றின் விதி நாளைக்கு மாறப்போவதில்லை. வாக்கியக் கணக்கு, கருத்தறிதல், கட்டுரை மூன்றும் வரைபடத்தின் பக்கம். கேள்வியின் கடைசி வரி மாறினால் விடையே மாறும் இடங்கள் இவை.

பயிற்சி நூல் வாங்க பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போகும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: தலைப்பு வாரியாக ஒரே வகைக் கணக்குகளை அடுக்கிய நூல் ஒன்று போதும், மற்றதெல்லாம் வகை கலந்த தேர்வுத் தாள்களாக இருக்கட்டும். ஆகஸ்ட் வரை கடிகாரம் வேண்டாம். ஒவ்வொரு கணக்கிலும் ஒரு சொல்லை மாற்றி, “இப்ப என்ன ஆகும்?” என்று கேளுங்கள். எழுத்துத் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் நேரம் குறித்து, முழுத் தாளாகப் போடவையுங்கள்.