மரக்கடைசல் லேத்தில் 6205-2ஆர்எஸ்எச் பேரிங்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சொப்புச் சாமான்களும் தொட்டில் கால்களும் கடையும் எங்கள் பட்டறை லேத்தில், மரத்தைப் பிடித்துச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலிலிருந்து சென்ற ஆண்டு மெல்லிய உறுமல் கேட்கத் தொடங்கியது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுழற்றியபோது உள்ளே மணல் அரைபடுவதுபோல் நெருடியது. முன்முனையை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டமும் தெரிந்தது. அரக்கு ஏற்றும் வேலையில் இந்தக் குறையை மறைக்கவே முடியாது. சுழலும் மரத்தில் அழுத்திய அரக்குக் குச்சி உராய்வுச் சூட்டில் உருகித்தான் படிகிறது என்பதால், மரம் சீராகச் சுழலாவிட்டால் வண்ணம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் விட்டுப்போயும் நிற்கும்.

கழற்றிப் பார்த்ததில் ஸ்பிண்டிலைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளும் இருபுறமும் தகட்டு மூடி கொண்ட இசட்இசட் வகை. அந்தத் தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் நுண்தூள் அதன் வழியே புகுந்து கிரீஸைக் கட்டியாக்கிவிட்டிருந்தது. ஆகவே எஸ்கேஎஃப் நிறுவனத்தின் 6205-2ஆர்எஸ்எச் பேரிங்குகளை வாங்கினோம். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர் என அளவுகள் அப்படியே பொருந்துவதால் பேரிங்குகள் உட்காரும் லேத்தின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் எதையும் கடைய வேண்டியதில்லை. இதன் ரப்பர் மூடி உள்வளையத்தைத் தொட்டபடியே இருப்பதால் தூளுக்கு வழியில்லை. அதே காரணத்தால் இதன் வேக வரம்பு தகட்டு வகையைவிடக் குறைவு. எங்கள் லேத் நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளைத் தாண்டுவதில்லை என்பதால் அது ஒரு பொருட்டாகவில்லை.

எவ்வளவு நல்ல பேரிங்காக இருந்தாலும் பொருத்தும் முறை அதைக் கெடுத்துவிடும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பிண்டிலில் ஏற்றும்போது உள்வளையத்தையும், ஹெட்ஸ்டாக்கில் இறக்கும்போது வெளிவளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். வளையம் மாறித் தட்டினால் அந்த அடி குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, புதிய பேரிங் முதல் நாளே உறுமத் தொடங்கும். நாங்கள் ஸ்பிண்டிலை இரவு முழுவதும் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துச் சற்றுச் சுருங்கச் செய்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, உள்வளையத்தின் அளவுக்கு வெட்டிய இரும்புக் குழாயை வைத்து மெதுவாக ஏற்றினோம். கிரீஸ் நிரப்பி மூடிய பேரிங் என்பதால் எண்ணெயில் போட்டுச் சூடாக்கும் பழைய முறை இதற்கு ஆகாது.

நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜில் முன்பு 0.11 மில்லிமீட்டர் காட்டிய ஸ்பிண்டிலின் முன்முனை இப்போது 0.02 காட்டுகிறது, ஓராண்டு ஓடிய பின்பும் அது மாறவில்லை. குறை என்று சொன்னால், முதல் சில நாட்கள் ஸ்பிண்டில் கையால் சுழற்றச் சற்று இறுக்கமாக இருந்தது, ஹெட்ஸ்டாக்கும் வெதுவெதுப்பானது. விலையும் தகட்டு வகையைவிடக் கூடுதல்தான். போலிகள் நடமாடும் பொருள் இது என்பதால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குங்கள். முன்பக்கப் பேரிங் மட்டும் தேய்ந்திருந்தாலும், ஸ்பிண்டிலைக் கழற்றிய கையோடு இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.